கேஸ் டைரியும் கதையும்

துப்புத் துலக்கிய அதிகாரியே பிறகு அந்த வழக்கைக் கதையாக எழுதும் மரபு இந்தியாவில் கல்கத்தாவில் வேர் பிடித்தது. அதற்கு வழிகாட்டியவர் பிரியநாத் முகோபாத்யாய். 1855-ல் அன்றைய நதியா மாவட்டத்தில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெயராம்பூரில் பிறந்த அவர், 1878-ல் கல்கத்தா போலீஸின் துப்பறியும் பிரிவில் சேர்ந்தார். 33 ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்து 1911-ல் ஓய்வு பெற்றார். ராய் பகதூர் பட்டமும் அவருக்கு வந்தது. இன்று அவர் பெயரை நினைக்க வைப்பது அந்தப் பட்டமல்ல, 1892-ல் அவர் தொடங்கிய ‘தாரோகார் தப்தர்’ என்ற மாத வெளியீடு. தாரோகா என்பவர் போலீஸ் ஸ்டேஷனின் பொறுப்பு அதிகாரி. தப்தர் அவருடைய அலுவலகக் கட்டு. இதழுக்கு ஒரு வழக்கு என்ற கணக்கில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வெளிவந்த அந்த வரிசையில் 206 கதைகள் சேர்ந்தன.

அவர் சேர்ந்த துப்பறியும் பிரிவுக்கும் அப்போது பத்து வயதுதான். 1868-ல் கல்கத்தா ஆம்ஹர்ஸ்ட் தெருவில் ரோஸ் பிரவுன் என்ற பெண் கழுத்தறுபட்டுக் கிடந்தாள். அந்த வழக்கில் போலீஸ் திணறியதைக் கண்ட கமிஷனர் ஸ்டூவர்ட் ஹாக், துப்பறிவதற்கென்றே தனிப் பிரிவு ஒன்றை அதே ஆண்டில் அமைத்தார். ரோஸ் பிரவுன் வழக்கில் உழைத்த ரிச்சர்ட் ரீட் என்ற ஆங்கில அதிகாரி 1887-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சில் தோன்றியதும் அதே ஆண்டுதான். லண்டனில் ஒரு டாக்டர் தன் கற்பனைத் துப்பறிவாளரைப் பிரபலமாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், கல்கத்தாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு போலீஸ்காரர் தன் சொந்த வழக்குகளை வங்காள வாசகருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரியநாத்தின் பெயரோடு இன்றும் பேசப்படுவது திரைலோக்யா வழக்கு. பர்த்வான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, இளம் வயதில் விதவையாகி, ஏமாற்றி அழைத்து வரப்பட்டுக் கல்கத்தாவின் விலைமாதர் பகுதியான சோனாகாச்சியில் சேர்ந்தவள் திரைலோக்யா. வயது ஏறி வருமானம் இறங்கிய பிறகு, தன்னைப் போன்ற பெண்களையே அவள் குறிவைத்தாள். குருவைத் தரிசித்தால் செல்வம் பெருகும், இருக்கிற நகையை எல்லாம் போட்டுக்கொண்டு வா என்று சொல்லி மாணிக்தலா பக்கம் ஒரு தோட்டத்துக் குளத்துக்கு அழைத்துப் போய்த் தண்ணீரில் அமுக்கிக் கொன்றாள். ஐந்து பெண்கள் இப்படிச் செத்தார்கள். அவர்களைக் காணோம் என்று தேட ஆளில்லாததால் வெகுகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருத்தி தப்பி வந்து புகார் சொன்ன பிறகும் சாட்சியம் போதாமல் திரைலோக்யா விடுதலையானாள். பிறகு அக்கம்பக்கத்திலேயே ராஜ்குமாரி என்ற பெண் கொலையுண்டபோது வழக்கு பிரியநாத்திடம் வந்தது. திரைலோக்யா வளர்த்த பிள்ளை ஹரி. கொலை அவன் மேல் விழுகிறது, அவன் தூக்குக்குப் போகப்போகிறான் என்று பிரியநாத் அவளை நம்பவைத்தார். பிள்ளையைக் காப்பாற்ற அவள் வாய் திறந்தாள். ஒளித்து வைத்த நகைகளையும் எடுத்துக் கொடுத்தாள். 1884-ல் தூக்கிலிடப்பட்டாள். லண்டனில் ஜாக் த ரிப்பர் கொலைகள் நடந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

குற்றமற்ற பிள்ளையைப் பணயமாக வைத்துத் தாயைப் பேசவைத்ததை பிரியநாத் மறைக்கவில்லை. துப்பறிவாளனைப் படைக்கும் எழுத்தாளர் தன் நாயகன் கை கறைபடாமல் பார்த்துக்கொள்வார். வழக்கை நடத்திய அதிகாரிக்கோ, வழக்கு எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல எப்படி முடித்தோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயத்தில்தான் இவ்வகை எழுத்தின் மதிப்பு இருக்கிறது. பிரியநாத்தின் நடையில் ஜோடனை கிடையாது. அலைச்சல், காத்திருப்பு, ஆள் காட்டிகளுக்குக் கொடுக்கும் காசு, மேலதிகாரியின் நெருக்கடி எல்லாம் வரும். விதவைகள், வேலைக்காரர்கள், கணிகையர், பிழைக்க வந்தவர்கள் என்று அன்றைய கல்கத்தாவின் அடிமட்டம் முழுவதும் அந்தக் கதைகளுக்குள் நடமாடுகிறது. சரித்திர ஆய்வாளர்கள் இன்று அவற்றைத் தேடிப் படிப்பதற்கும் அதுவே காரணம்.

அவருக்குப் பிறகு வங்காளத்தில் தாரோகா மெல்ல ஓரங்கட்டப்பட்டார். 1930-களில் சரதிந்து பந்த்யோபாத்யாய் படைத்த ப்யோம்கேஷ் பக்ஷி போன்ற படித்த நடுத்தர வர்க்கத்துத் தனி ஆட்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் சரடு அறுந்துவிடவில்லை. கல்கத்தா போலீஸ் அதிகாரி பஞ்சானன் கோஷால் குற்றவியலைப் பற்றி ‘அபராத விக்ஞான்’ என்ற பல தொகுதி நூலை வங்காளத்தில் எழுதினார்; தான் நடத்திய வழக்குகளைக் கதைகளாகவும் ஆக்கினார்.

வெளிநாடுகளிலும் இதே பாதையில் நடந்தவர்கள் உண்டு. எடின்பரோவில் துப்பறியும் போலீஸாக இருந்த ஜேம்ஸ் மக்லேவி 1860-ல் ஓய்வு பெற்ற கையோடு தன் வழக்குகளை வெளியிட்டார். அமெரிக்காவில் ஜோசப் வாம்பா, லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் சார்ஜன்ட்டாக இருந்துகொண்டே 1971-ல் முதல் நாவலை எழுதினார். புத்தகம் பிரபலமாகி, பிடித்து வந்த ஆட்களே ஆட்டோகிராஃப் கேட்கத் தொடங்கியதும் 1974-ல் வேலையை விட்டார். நார்வேயில் விசாரணை அதிகாரியாக இருந்த யோர்ன் லியர் ஹொர்ஸ்ட் 2004-ல் எழுதத் தொடங்கி, 2013-ல் பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார். இவர்களுடைய கதைகளில் சாகசத்தைவிட அலுப்பும் களைப்பும் அதிகம். வாம்பாவின் பாத்திரங்கள் குற்றவாளியால் உடைவதைவிட வேலையால் உடைவதே வழக்கம்.

காகிதத்தில் நடக்கும் வேலை

போலீஸ் ஸ்டேஷனில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி எழுத்து வேலை. புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர்., சடலம் கிடந்தால் சந்தேக மரண வழக்கும் பஞ்சாயத்தார் விசாரணையும், சம்பவ இடத்தில் மகசரும் வரைபடமும், சாட்சிகளிடம் வாக்குமூலம், அன்றாடம் கேஸ் டைரி, கடைசியில் குற்றப்பத்திரிகை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. எஃப்.ஐ.ஆருக்கான பழைய 154 இப்போது 173. சந்தேக மரணத்துக்கான 174 இப்போது 194. கேஸ் டைரிக்கான 172 இப்போது 192. வேலை மாறவில்லை. கேஸ் டைரியில் விசாரணை அதிகாரி எந்த நேரத்தில் எங்கே போனார், யாரைப் பார்த்தார், என்ன தெரிந்தது என்று நாள்வாரியாக எழுத வேண்டும். நீதிமன்றம் அதை வரவழைத்துப் பார்க்கலாம். எதிரி தரப்பு கேட்டு வாங்க முடியாது. ஒரு நாவலுக்கான எலும்புக்கூடு அதில் கிடக்கிறது. அதற்குச் சதை ஊட்டக்கூடியவர் அதை எழுதியவர் ஒருவர்தான்.

இந்த வேலை தெரிந்தவருக்கு வழக்கமான துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தைச் சகித்துக்கொள்வது கடினம். அதில் கொலையாளி இன்ஸ்பெக்டர் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், கதை முடிந்துவிடும். சட்டப்படி அந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1872-ன் சாட்சியச் சட்டமே தடுத்தது. இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியமும் தன் 23-ம் பிரிவில் அதையே சொல்கிறது. எதிரி சொன்னதன் பேரில் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். திரைலோக்யாவின் பேச்சைவிட அவள் எடுத்துக் கொடுத்த நகைகள் முக்கியமானது இதனால்தான். போலீஸிடம் சாட்சி கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்தும் வாங்கக் கூடாது. ஆகவே அவர் கூண்டில் ஏறி நின்று, அப்படி நான் சொல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியும். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு அதை நிரூபிக்கப் படும் பாடுதான் நிஜமான வழக்கு. தமிழ்த் துப்பறியும் நாவல் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத இடமும் அதுவே.

தமிழில் போலீஸ் எழுத்து

தமிழின் முதல் துப்பறியும் நாயகர்களில் ஒருவர் போலீஸ்காரர்தான். பண்டித ச. ம. நடேச சாஸ்திரி 1894-ல் வெளியிட்ட கதைகளில் குற்றங்களைக் கண்டுபிடிப்பவன் தானவன் என்ற போலீஸ் நிபுணன். ஆனால் எழுதியவர் போலீஸ்காரர் அல்ல. நாட்டார் கதைகளைத் திரட்டிய அறிஞர். பிறகு வந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால் ஆகியோர் ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே நின்று துப்பறிந்தவர்கள். தேவன் சாம்புவைக் கொண்டு சிரிக்க வைத்தார். சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளராக இருந்துகொண்டே, வக்கீல்களான கணேஷையும் வசந்தையும் அனுப்பினார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோரும் தனியார் துப்பறிவாளர்கள். ராஜேஷ்குமாரின் விவேக் மட்டும் அரசுச் சம்பளம் வாங்கும் அதிகாரி. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக ரயில் நிலையக் கடைகளை நிறைத்து வைத்திருந்த இந்த எழுத்தை வளர்த்தவர்கள் காக்கி போட்டவர்கள் அல்லர்.

காக்கி போட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. தர்மபுரியில் பிறந்து 1976-ல் ஐ.பி.எஸ். ஆன திலகவதி, தமிழின் நிலைபெற்ற எழுத்தாளர். 2005-ல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த ‘கல்மரம்’ கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். ஸ்டேஷனுக்குள் நடப்பதை யாரைவிடவும் நன்றாக அறிந்தவர், தன் பெரிய நாவலுக்குச் சாரத்தில் ஏறி நிற்கும் பெண்களைத் தேர்ந்தெடுத்தார். அது ஓர் எழுத்தாளரின் உரிமை. ஆனால் குற்ற நாவலுக்கு அது இழப்பு.

இன்னொரு வகை, வழக்கின் பெயரையே தலைப்பாக வைத்த நூல்கள். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையில் சி.பி.ஐ.யின் தலைமை விசாரணை அதிகாரியாக இருந்த கே. ரகோத்தமன், ஓய்வு பெற்ற பிறகு ‘ராஜீவ் கொலை வழக்கு’ என்ற நூலைத் தமிழில் எழுதினார். சம்பவ இடத்தில் இறந்துகிடந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவில் இருந்த படங்கள் விசாரணையை எப்படித் திறந்துவிட்டன என்பதை அதை நடத்தியவரே சொல்வதில் தனி வேகம் இருக்கிறது. விசாரணையில் தனக்குத் திருப்தி தராத இடங்களையும் அவர் எழுதினார். ரகோத்தமன் 2021 மே மாதம் கொரோனாவில் இறந்தார். வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் தலைவர் கே. விஜயகுமார் 2017-ல் அந்த வேட்டையை ஆங்கிலத்தில் எழுதினார். இவை நாவல்கள் அல்ல. பெரிய வழக்குகளின் பதிவுகள். சின்ன ஸ்டேஷனின் சின்ன வழக்கு, பத்திரிகையில் நான்கு வரி வந்த வழக்கு, அதிகாரியின் தூக்கத்தைக் கெடுத்த வழக்கு ஆகியவை இப்படிப்பட்ட நூல்களுக்குள் வருவதில்லை. அவற்றுக்கு நாவல் வேண்டும்.

அப்படிப்பட்ட நாவல்கள் வராததற்குச் சட்டமும் ஒரு காரணம். அலுவல் இரகசியச் சட்டம் 1923 முதல் இருக்கிறது. பணியில் இருப்பவர் இலக்கியம் எழுத நடத்தை விதிகள் இடம் கொடுத்தாலும், அரசைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடிய எதையும் எழுத அஞ்சுவார். 2021 மே மாத இறுதியில் மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைத் திருத்தியது. உளவு மற்றும் பாதுகாப்பு அமைப்புகளில் வேலை பார்த்தவர்கள், அந்த அமைப்பு சம்பந்தப்பட்டதை வெளியிட, ஓய்வுக்குப் பிறகும் முன் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் ஓய்வூதியத்துக்கு ஆபத்து. தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள அமைப்புகளுக்கு இது பொருந்தும், சி.பி.ஐ.யும் அந்த அட்டவணையில் இருக்கிறது. மாநில ஸ்டேஷன்களில் வேலை பார்த்தவர்களை இந்தத் திருத்தம் தொடாது. தாலுகா ஸ்டேஷனில் முப்பது ஆண்டு இருந்த ஓர் எஸ்.ஐ.க்கு, பெயரையும் ஊரையும் மாற்றி எழுத இன்றும் வழி இருக்கிறது.

சினிமா அந்த வழியைக் கண்டுகொண்டது. போலீஸ் வேலையை விட்டு வந்த தமிழ் என்ற இயக்குநர், பயிற்சிப் பள்ளியின் கொடுமையை ‘டாணாக்காரன்’ படத்தில் 2022-ல் காட்டினார். கேரளத்தில் போலீஸ்காரரான ஷாஹி கபீர், ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவரைப் பற்றிய ‘ஜோசப்’ (2018), தங்கள் துறையே துரத்தும் மூன்று போலீஸ்காரர்களைப் பற்றிய ‘நாயாட்டு’ (2021) ஆகிய மலையாளப் படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். இரண்டு மொழியிலும் ரசிகர்கள் கவனித்தது துப்பறியும் திருப்பங்களை அல்ல. ஆணைக்கும் மனச்சாட்சிக்கும் நடுவில் சிக்கிய சாதாரணக் காவலரை.

தன் துறையையே எழுதியவர்

இந்தியில், போலீஸ்காரர் தன் துறையையே எழுதுவதன் எல்லை வரை போனவர் விபூதி நாராயண் ராய். உத்தரப் பிரதேசத்தில் ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்த அவர், கலவர நாட்களில் ஊரடங்குக்குள் அடைபட்ட ஓர் ஏழை முஸ்லிம் குடும்பத்தைப் பற்றி 1980-களிலேயே ‘ஷஹர் மே கர்ஃப்யூ’ என்ற குறுநாவலை எழுதினார். 1987 மே 22-ல் மீரட் ஹாஷிம்புராவிலிருந்து முஸ்லிம் ஆண்களை லாரியில் ஏற்றிப் போன ஆயுதப்படையினர், கால்வாய்க் கரைகளில் அவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். சுமார் 40 பேர் இறந்தனர். அன்று காஜியாபாத் எஸ்.பி.யாக இருந்த ராய் இரவோடு இரவாகச் சம்பவ இடத்துக்குப் போனார். அவர் பொறுப்பில்தான் ஆயுதப்படைமீது வழக்கு பதிவானது. 31 ஆண்டுகள் கழித்து, 2018 அக்டோபர் 31-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதற்கு முன்பே 2016-ல் ராய் அந்த இரவைப் புத்தகமாக எழுதியிருந்தார். பிறகு ‘ராம்கட் மே ஹத்யா’ என்ற கொலை நாவலுக்கும் வந்தார். துறையைக் காட்டிக்கொடுத்தவர் என்ற ஏச்சை வாங்கவும் தயாராக இருந்ததால்தான் அவரால் இவற்றை எழுத முடிந்தது.

கடலூர் மண்ணில்

தமிழில் போலீஸ்காரர் எழுத வேண்டிய கதைகள் எங்கே கிடக்கின்றன என்பதற்குக் கடலூர் மாவட்டம் ஓர் உதாரணம். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் காடாம்புலியூர் இருக்கிறது. செம்மண், கண்ணுக்கெட்டிய வரை முந்திரி, இடையிடையே பலா. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்த மரங்களைச் சாய்த்துப் போட்டபோது ஒரு தலைமுறையின் வருமானம் ஒரே காலையில் போனது. தரையைத் தொடும் கிளைகளோடு பரந்து கிடக்கும் முந்திரிக் காட்டில், பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டார். கொட்டை பொறுக்கும் பருவத்தில் காட்டுக்குள் ஆள் நடமாட்டம் இருக்கும். மற்ற மாதங்களில் வெறிச்சோடிக் கிடக்கும். இந்தப் பகுதி ஸ்டேஷன்களில் இருந்தவர்களுக்கு எந்தத் தோப்பு யாருடையது, எந்த வரப்பில் பழைய தகராறு, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு பேசாது என்பதெல்லாம் மனப்பாடம். வெளியூர் எழுத்தாளர் ஆறு மாதம் தங்கினாலும் இந்த அறிவு வராது.

இலக்கியத்துக்கும் இந்த மாவட்டம் அந்நியமல்ல. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். ஸ்டேஷனைப் பற்றிய கனமான கதைகளும் இங்கேயே நடந்திருக்கின்றன. காடாம்புலியூரிலிருந்து நெய்வேலியைத் தாண்டிப் போனால் கம்மாபுரம். 1993 மார்ச்சில், கடலூர் தனி மாவட்டமாவதற்குச் சில மாதங்கள் முன்பு, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு அந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்னது. அவருடைய மனைவி விடவில்லை. வக்கீல் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். விசாரணை பெருமாள்சாமி என்ற மூத்த போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. மீன்சுருட்டி அருகே அடையாளம் தெரியாத பிணமாகப் பதிவாகியிருந்தவர் ராஜாக்கண்ணு என்று வெளிப்பட்டது. ஒரு ஸ்டேஷன் மறைத்ததை, பக்கத்து மாவட்ட ஸ்டேஷனின் சந்தேக மரணக் கோப்பு காட்டிக்கொடுத்தது. 2006-ல் உயர் நீதிமன்றம் போலீஸ்காரர்களைத் தண்டித்தது. காக்கிச் சட்டைக்குள்ளிருந்தே காக்கிச் சட்டையைத் துப்புத் துலக்கிய வழக்கு இது.

ராஜாக்கண்ணு இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2003 ஜூலையில், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்ட முருகேசனையும் கண்ணகியையும் நஞ்சு கொடுத்துக் கொன்று எரித்தார்கள். உள்ளூர் போலீஸ் வழக்கை ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை. கொல்லப்பட்ட பையனின் சொந்தக்காரர்களையும் எதிரிகளாகச் சேர்த்தது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சி.பி.ஐ. விசாரித்தது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அவர்களில் இரண்டு போலீஸ் அதிகாரிகளும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அவர்களில் பெரும்பாலோரின் தண்டனையை உறுதி செய்தது.

இந்த வழக்குகள் பொதுமக்களை வந்தடைந்த வழிகளைப் பார்க்க வேண்டும். ராஜாக்கண்ணுவின் கதை, பின்னாளில் நீதிபதியான வக்கீல் வழியாக 2021-ல் ‘ஜெய் பீம்’ படமாக வந்தது. சாதி மீறிய காதலுக்காகப் பெற்ற மகளையே கொல்லச் சொல்லும் ஊரை, 2012-ல் ‘பெத்தவன்’ என்ற குறுநாவலாக எழுதியவர், இதே வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த இமையம். வக்கீலும் ஆசிரியரும் இயக்குநரும் தங்களுக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். கம்மாபுரத்தில் அன்று பாரா நின்றவர், புகாரை வாங்காதே என்ற வாய்மொழி உத்தரவைக் கேட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்த ரைட்டர், மீன்சுருட்டிக் கோப்பைத் தூசி தட்டி எடுத்த ஏட்டு ஆகியோரின் பக்கத்துக்கு நாவல் வேண்டியிருக்கிறது. 1993-ல் முப்பது வயதைக் கடந்து பணியில் இருந்த காவலர்கள் எல்லோரும் இன்று அறுபதைக் கடந்து ஓய்வில் இருப்பார்கள். பிரியநாத்தைப் போல முப்பத்துச் சொச்சம் ஆண்டு சர்வீஸ் பார்த்தவர்கள் அவர்களில் பலர்.